டிராவல் ட்ரெய்லர் ப்ரேக்கை நானே மாற்றப் போகிறேன்: ட்ரம்மா, டிஸ்க்கா?

ஊர்சுற்றி_7000

எல்லோருக்கும் வணக்கம். எங்களுடையது இரண்டு ஆக்ஸில் உள்ள டிராவல் ட்ரெய்லர். ஒவ்வொரு ஆக்ஸிலும் 3500 பவுண்டு, மொத்த எடை வரம்பு 7000 பவுண்டு. நாலு சக்கரத்திலும் 10 அங்குல எலெக்ட்ரிக் ட்ரம் ப்ரேக். இழுப்பது பிக்கப். ட்ரெய்லர் ப்ரேக்குக்குக் கரண்ட் அனுப்பும் ப்ரேக் கண்ட்ரோலர் டாஷ்போர்டிலேயே கம்பெனி பொருத்திக் கொடுத்தது.

சமதரையில் பெரிதாகக் குறை தெரியவில்லை. மலை இறக்கத்தில்தான் வயிற்றைக் கலக்குகிறது. ப்ரேக்கில் கால் வைத்தால் வண்டி நிற்கப் பார்க்கிறது, ட்ரெய்லர் பின்னாலிருந்து தள்ளுகிறது. கண்ட்ரோலரின் கெயினை (ட்ரெய்லர் ப்ரேக்குக்கு எவ்வளவு கரண்ட் போகலாம் என்ற அமைப்பு) 10 வரை ஏற்றிவிட்டேன், அதற்கு மேல் போக இடமில்லை. காலி மைதானத்தில் 20 மைல் வேகத்தில் போய்க்கொண்டே கண்ட்ரோலரின் கை லிவரை முழுக்க அழுத்திப் பார்த்தேன். சக்கரம் எதுவும் லாக் ஆகவில்லை. ஏதோ ஒரு தயக்கத்தோடு வேகம் குறைகிறது, அவ்வளவுதான்.

மூன்று யோசனை இருக்கிறது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஹைட்ராலிக் டிஸ்க்குக்கு மாறுவது. அல்லது 12 அங்குல ட்ரம் போடுவது. அல்லது இதே 10 அங்குலத்தில் புது ஷூ (ட்ரம்மின் உள்ளே உரசி நிறுத்தும் பாகம்) மட்டும் மாற்றுவது. கார், பிக்கப் இரண்டுக்கும் ப்ரேக் பேட் நானேதான் மாற்றுவேன், அதனால் ஸ்பேனர் பிடிக்கப் பயமில்லை. மின்சார வேலைதான் அவ்வளவாகப் பழக்கமில்லை. மல்டிமீட்டர் ஒன்று இருக்கிறது. எதில் கை வைக்கலாம், சொல்லுங்கள்.

---

மேட்டுப்பாதை

யோசிக்கவே வேண்டாம், டிஸ்க்தான். ஒரு தடவை போட்டுட்டா ட்ரம் பக்கமே திரும்ப மாட்டீங்க.

---

பழைய_ஸ்பேனர்

தம்பி, டிஸ்க்குக்கு ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி அந்த மல்டிமீட்டரை எடுத்துக்கிட்டு ட்ரெய்லருக்கு அடியில படுங்க.

3500 பவுண்டு ஆக்ஸிலுக்குன்னே அளவெடுத்து வெச்ச ப்ரேக்தான் அந்த 10 அங்குலம். நாலும் ஒழுங்கா வேலை செஞ்சா 7000 பவுண்டுக்குப் போதும். கெயின் 10-ல இருந்தும் லாக் ஆகலைன்னா ப்ரேக் சின்னதுன்னு அர்த்தம் இல்ல, ப்ரேக்குக்குச் சோறு போய்ச் சேரலைன்னு அர்த்தம். நான் பார்த்த "ப்ரேக் பத்தல" கேஸ்ல பெரும்பாலானது ஒயர்லதான் முடிஞ்சிருக்கு.

இது கார் ட்ரம் மாதிரி இல்ல. உள்ள ஒரு மேக்னட் இருக்கு. கரண்ட் வந்ததும் அது சுத்துற ட்ரம்மோட உள்முகத்துல ஒட்டப் பார்க்கும், ட்ரம் அதை இழுத்துக்கிட்டுப் போகும், அந்த இழுப்புல ஒரு லிவர் நகர்ந்து ஷூவை விரிக்கும். நீங்க மிதிக்கிற பலம் எதுவும் அங்க போறதில்ல. போறது வோல்டேஜ் மட்டும்தான். வோல்டேஜ் குறைஞ்சா மேக்னட்டோட பிடி குறையும், பிடி குறைஞ்சா ஷூ விரியாது.

10 அங்குல மேக்னட் ஒண்ணு சுமார் 3.2 ஓம், 3 ஆம்ப்பியர் இழுக்கும். நாலுக்கு 12 ஆம்ப்பியர். இப்ப எங்கயோ ஒரு துருப்பிடிச்ச ஜாயின்ட் 0.1 ஓம் தடை குடுத்தா, 12 ஆம்ப்பியர் போற இடத்துல 1.2 வோல்ட் அங்கயே சூடா போயிடும். அந்த மாதிரி ரெண்டு, மூணு ஜாயின்ட் ஒரு பழைய ட்ரெய்லர்ல சர்வ சாதாரணம். நிறைய ட்ரெய்லர்ல மெலிசான ஒயரை, பிளாஸ்டிக் கிளிப்பால கடிச்சு இணைச்சு விட்டிருப்பாங்க. தண்ணி உள்ள போனா அது பச்சை பூத்துடும்.

அளக்குற விதம் சொல்றேன், இதுலதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. ஓம் அளக்காதீங்க. சாதா மல்டிமீட்டர் ஒரு ஓமுக்குக் கீழ சொல்ற கணக்கை நம்ப முடியாது. கரண்ட் ஓடிக்கிட்டிருக்கும்போது வோல்ட் அளங்க.

ட்ரெய்லர் பேட்டரியை முழு சார்ஜ் பண்ணுங்க. சக்கரத்துக்குக் கட்டை குடுங்க. ஏழு பின் பிளக்கை வண்டியில இருந்து கழட்டிடுங்க, இது முக்கியம், இல்லேன்னா கண்ட்ரோலருக்குத் தலைகீழா கரண்ட் போய் கெட்டுப்போகலாம். அப்புறம் ஒருத்தரை பிரேக்அவே சுவிட்சோட (ட்ரெய்லர் கழண்டு ஓடினா தானா ப்ரேக் போடுற சுவிட்ச்) பின்னை உருவச் சொல்லுங்க. இப்ப நாலு மேக்னட்டுக்கும் பேட்டரி கரண்ட் நேரா போகும். ஒவ்வொரு சக்கரத்துக்குப் பின்னாலயும் பேக்கிங் பிளேட்டுல (ப்ரேக் உட்கார்ற தட்டு) இருந்து ரெண்டு ஒயர் வெளிய வரும். மீட்டர் முனை ரெண்டையும் அந்த ரெண்டு ஒயர்லதான் வைக்கணும். ஒண்ணை ஒயர்ல, இன்னொண்ணை சேஸிஸ்ல வைக்காதீங்க, அப்படி வெச்சா எர்த் பக்கத்து இழப்பு கண்ணுக்கே தெரியாது. நாலு சக்கரத்துலயும், பேட்டரி முனையிலயும் எழுதிக்குங்க. ஒவ்வொரு அளவுக்கும் சில நொடிதான். அளந்ததும் பின்னைச் சொருகிடுங்க, மேக்னட் சூடாகும், பேட்டரியும் இறங்கும்.

டாஷ்போர்டு லிவரை வெச்சு ஏன் அளக்கலைன்னு கேப்பீங்க. கம்பெனி கண்ட்ரோலர் சிலது வண்டி நின்னுட்டு இருந்தா முழு வோல்டேஜ் விடாது. அதை நம்பி அளந்தா தப்புக் கணக்கு வரும்.

12 அங்குல யோசனையை மறந்துடுங்க. 3500 ஆக்ஸில்ல ப்ரேக் உட்கார்ற தட்டுக்கு 4 போல்ட். 12 அங்குலம் 5 போல்ட், அது 5200 பவுண்டும் அதுக்கு மேலயும் உள்ள ஆக்ஸிலுக்கு. ஹப்பும் பேரிங்கும் வேற. ஆக்ஸிலையே மாத்தினாத்தான் நடக்கும்.

---

ஊர்சுற்றி_7000

அண்ணா, மிக்க நன்றி. சொன்னபடியே அளந்தேன். பின் உருவிய நிலையில்:

பேட்டரி முனையில் 12.4
முன் இடது 11.0
முன் வலது 10.7
பின் இடது 9.6
பின் வலது 8.3

இது மோசமா, ரொம்ப மோசமா?

---

பழைய_ஸ்பேனர்

பின் வலதுல மூணுல ஒரு பங்கு காணோம். மேக்னட் இழுக்கிற கரண்ட்டும் அதே விகிதத்துல குறைஞ்சிருக்கும். ட்ரெய்லர் தள்ளாம என்ன செய்யும்?

இந்த அளவைப் படிச்சாலே எங்க போகுதுன்னு தெரியுது. பேட்டரியில இருந்து முன் ஆக்ஸில் வர்றதுக்குள்ள 1.4 போச்சு, அது நீளமான மெலிசு ஒயர். முன் ஆக்ஸில்ல இருந்து பின் ஆக்ஸிலுக்கு இன்னொரு 1.4. அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது கையளவு தூரம், அங்க இவ்வளவு விழுதுன்னா கெட்டுப்போன ஜாயின்ட் ஒண்ணு இருக்கு. பின் இடதுல இருந்து பின் வலதுக்கு 1.3. அந்த ஒயர் ஆக்ஸில் குழாய்க்குள்ள ஓடுது. ஒரே ஒரு மேக்னட்டோட கரண்ட் போற இடத்துல இவ்வளவு விழக் கூடாது. குழாய்க்குள்ள ஒயர் ஆடி ஆடி உரசித் தோல் உரியும், இல்லேன்னா முனையில இருக்கிற ஜாயின்ட் அரிச்சிருக்கும்.

இன்னும் ஒரே ஒரு அளவு எடுங்க. பின் வலது சக்கரத்தோட வெள்ளை (எர்த்) ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவ்வுக்கும் நடுவுல எவ்வளவு? அதோட, நாலு ட்ரம்மையும் கழட்டி உள்ள பாருங்க. கரண்ட் மட்டும்தான் காரணம்னு நான் இன்னும் முடிவு கட்டல.

---

சரிவில்_சாரதா

நான் எலெக்ட்ரிக் ட்ரம்மிலிருந்து ஹைட்ராலிக் டிஸ்க்குக்கு மாறியவள். வேலையை நானும் என் கணவரும் சேர்ந்து செய்தோம். டிஸ்க்கின் பக்கம் நின்று சில விஷயம் சொல்கிறேன், ஏனென்றால் "போட்டுவிடு" என்று சொல்பவர்கள் இதையெல்லாம் சொல்வதில்லை.

டிஸ்க் என்பது ரோட்டரும் (சக்கரத்தோடு சுற்றும் தட்டு), அதைப் பிடிக்கும் காலிப்பரும் மட்டும் அல்ல. கண்ட்ரோலரின் மின் சிக்னலை எண்ணெய் அழுத்தமாக மாற்ற ஓர் ஆக்சுவேட்டர் வேண்டும், அது ட்ரெய்லரின் முன்பக்கம் உட்காரும். டிஸ்க்குக்கு 1600 பி.எஸ்.ஐ அழுத்தம் தருகிற மாடல் வாங்க வேண்டும். ட்ரம்முக்கான 1000 பி.எஸ்.ஐ மாடலைத் தெரியாமல் வாங்கினால் காலிப்பர் முழு பலத்தில் பிடிக்காது. அங்கிருந்து சேஸிஸ் நெடுக இரும்புக் குழாய், ஆக்ஸிலுக்கு இறங்கும் இடத்தில் ரப்பர் ஹோஸ். பிறகு குழாய்க்குள் சிக்கிய காற்றை வெளியே எடுப்பது, ஆக்சுவேட்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்திலிருந்து தொடங்கி. எங்களுக்கு ஒரு முழு மதியம் அதற்கே போனது. ஒரு ஃபிட்டிங்கில் மிகச் சன்னமான கசிவு, டிஷ்யூ பேப்பரைச் சுற்றி வைத்தால்தான் தெரிந்தது.

வாங்கும் முன்பே இரண்டைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, சக்கரத்தின் உள்ளே காலிப்பருக்கு இடம் இருக்கிறதா. சிறிய ரிம்மில் பல காலிப்பர்கள் உரசும். இரண்டு, உங்கள் டாஷ்போர்டு கண்ட்ரோலர் ஹைட்ராலிக் ஆக்சுவேட்டரை ஏற்குமா. சில வண்டிகளில் அதற்கென்று தனி அமைப்பு மெனுவிலேயே இருக்கும். சிலவற்றில் "ட்ரெய்லர் இணைக்கப்படவில்லை" என்று காட்டிவிட்டு ப்ரேக்கே வேலை செய்யாது.

பலன்? நீண்ட இறக்கத்தில் சூடேறினாலும் பிடி தளர்வதில்லை, மழையில் நனைந்தாலும் உடனே பிடிக்கிறது. எங்களுடையது உங்களுடையதைவிட நிறைய எடை, மலைப் பாதைகளே அதிகம். எங்களுக்கு அது தகும். உங்கள் எடைக்கு, ஸ்பேனர் அண்ணா சொன்னதை முதலில் செய்யுங்கள். ஒயர் சரியில்லாத ட்ரெய்லரில் டிஸ்க் போட்டாலும் ஆக்சுவேட்டரின் மோட்டாருக்கு அதே கதிதான்.

---

ஊர்சுற்றி_7000

சாரதா அக்கா, தெளிவாகச் சொன்னதற்கு நன்றி. டிஸ்க் ஆசையைத் தள்ளி வைத்துவிட்டேன்.

அண்ணா, வெள்ளை ஒயரில் 1.5 வோல்ட். ட்ரம்களைக் கழற்றியாகிவிட்டது. மூன்றில் ஷூ தேய்ந்திருக்கிறது, ஆனால் காய்ந்துதான் இருக்கிறது. பின் வலதில் உள்ளே முழுக்க கிரீஸ். ஷூ கறுத்து, விரல் வைத்தால் வழுக்குகிறது. மேக்னட் மேலும் கிரீஸ் அப்பியிருக்கிறது. முன்பு வைத்திருந்தவர் ஹப்பின் நடுவே உள்ள நிப்பிளில் கிரீஸ் கன்னை வைத்து அடித்துத் தள்ளியிருப்பார் போல. ப்ரேக் கிளீனரால் கழுவிப் பயன்படுத்தலாமா?

---

பழைய_ஸ்பேனர்

ட்ரம்மைக் கழுவலாம். ஷூவைக் கழுவ முடியாது. கிரீஸ் லைனிங்குக்குள்ள (ஷூ மேல இருக்கிற உரசுற பாகம்) ஊறிடும், மேல துடைச்சாலும் சூடானதும் மறுபடி கசியும். தூக்கிப் போடுங்க. காத்தடிச்சு சுத்தம் பண்ணாதீங்க, பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. கிளீனர் அடிச்சு, நனைச்சுத் துடைங்க, மாஸ்க் போட்டுக்குங்க.

ஆக, ரெண்டு வேலை. முதல்ல ப்ரேக்.

ஷூ மட்டும் வாங்கி ஸ்ப்ரிங்கோட மல்லுக்கட்டாதீங்க. பேக்கிங் பிளேட், ஷூ, மேக்னட், ஸ்ப்ரிங் எல்லாம் பூட்டின முழு செட்டாவே கிடைக்குது. பழசை 4 நட்டு கழட்டி எடுத்துட்டு, புதுசை மாட்டி, ரெண்டு ஒயரை இணைச்சா முடிஞ்சுது. நாலையும் மாத்துங்க. தானா அட்ஜஸ்ட் ஆகுற மாடலை வாங்குங்க, நீங்க கேட்ட "மேம்படுத்தல்" உண்மையில அதுதான். கையால அட்ஜஸ்ட் பண்ற மாடலை 3000 மைலுக்கு ஒரு தரம் அடியில படுத்துத் திருகணும்னு ஆக்ஸில் கம்பெனி டெக்ஸ்டரோட சர்வீஸ் புத்தகமே சொல்லுது. எத்தனை பேர் செய்யறாங்க?

இடது, வலது வேற வேற. மாத்திப் போட்டாலும் போல்ட் பொருந்திடும், ஆனா ப்ரேக் பிடிக்காது. லைனிங் நீளம் குறைவா இருக்கிற ஷூ எப்பவும் வண்டி போற பக்கம், அதாவது முன்னால பார்த்து இருக்கணும். மேக்னட்டோட ரெண்டு ஒயர்ல எது பாசிட்டிவ், எது எர்த்னு கவலைப்படாதீங்க, எப்படிக் குடுத்தாலும் ஒண்ணுதான்.

ஜாக்கை ஆக்ஸில் குழாய்க்கு அடியில குடுக்காதீங்க, வளையும். சேஸிஸ்ல குடுத்து ஸ்டாண்ட் வைங்க. பேரிங்கைத் துடைச்சு, புது கிரீஸ் கையால அமுக்கி, பின் சீல் நாலும் புதுசு. ட்ரம்மை மாட்டினதும் சுத்திக்கிட்டே நட்டை 50 ஃபுட்-பவுண்டு வரைக்கும் இறுக்குங்க, பேரிங் உட்காரணும். அப்புறம் நட்டை லூஸ் பண்ணுங்க, இப்ப ஹப்பைச் சுத்தக் கூடாது. விரலால மட்டும் முட்டுற வரைக்கும் திருகுங்க. காட்டர் பின் ஓட்டை நேரா வரலேன்னா நட்டைக் கொஞ்சம் பின்னால திருப்பணும், முன்னால இல்ல. கார்ல பழகின கை இங்க இன்னும் ஒரு இழுப்பு இழுக்கத் துடிக்கும். இழுத்தா பேரிங் எரியும்.

ரெண்டாவது, ஒயர். பழசை ஒட்டுப் போட்டுக் காப்பாத்தாதீங்க. முன்பக்க ஜங்ஷன் பாக்ஸ்ல இருந்து ஆக்ஸில் வரைக்கும் 10 கேஜ்ல (ஒயரோட தடிமன், எண் குறைஞ்சா தடிமன் கூடும்) ரெண்டு ஒயர், ப்ரேக் கரண்ட்டுக்கு நீலம் ஒண்ணு, எர்த்துக்கு வெள்ளை ஒண்ணு. அங்க இருந்து சக்கரத்துக்கு 12 கேஜ். வெள்ளைக்கு சேஸிஸை நம்பாதீங்க, உங்க 1.5 வோல்ட் அங்கதான் போச்சு. அதையும் நீலத்துக்கு இணையா ஓட்டி ஜங்ஷன் பாக்ஸுக்கே கொண்டு வாங்க. ஆக்ஸில் குழாய்க்குள்ள மறுபடி விடாதீங்க. வெளிப்பக்கமா, உறை போட்டு, கிளாம்ப் வெச்சுக் கட்டுங்க. சக்கரம் மேல கீழ போறதுக்கு வளைவு விட்டுக் கட்டணும். ஜாயின்ட் எல்லாம் உள்ள பசை இருக்கிற ஹீட் ஷ்ரிங்க் (சூட்டுல சுருங்குற உறை) போட்ட கிரிம்ப்தான். அந்தக் கடிக்கிற பிளாஸ்டிக் கிளிப்பைக் கையால தொடாதீங்க.

முடிச்சதும் அதே நாலு இடத்துல மறுபடி அளந்து இங்க போடுங்க.

---

ஊர்சுற்றி_7000

முடித்துவிட்டேன் அண்ணா. பேட்டரியில் 12.4 இருக்கும்போது முன் இரண்டிலும் 11.9, பின் இரண்டிலும் 11.8. வலது, இடது வித்தியாசமே இல்லை!

ஓட்டிப் பார்த்தேன். இறக்கத்தில் தள்ளல் நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் நான் எதிர்பார்த்த அளவுக்கு "கப்" என்று பிடிக்கவில்லை. இன்னும் ஏதாவது பாக்கியா?

---

பழைய_ஸ்பேனர்

அளவு அருமை. பிடிக்காததுக்குக் காரணம், ஷூ இன்னும் ட்ரம்மோட பழகல. புது லைனிங் ட்ரம்மோட வளைவுக்குத் தேய்ஞ்சு உட்காரணும், மேக்னட் முகமும் அதே மாதிரி. ட்ராஃபிக் இல்லாத நேரா ரோட்டுல 40 மைல்ல இருந்து 20 மைலுக்கு ப்ரேக் பிடிச்சு இறக்குங்க. 20, 30 தரம் செய்யணும். ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஆற விடுங்க. தொடர்ந்து அமுக்கினா லைனிங் கண்ணாடி மாதிரி ஆகிடும், அதுக்கப்புறம் எவ்வளவு தேய்ச்சாலும் பிடிக்காது.

அதுக்கப்புறம் கெயினைப் புதுசா வைங்க. இப்ப 10-ல விட்டுட்டு மழையில இறங்கினா ட்ரெய்லர் சக்கரம் லாக் ஆகி வால் வீசும். காய்ஞ்ச ரோட்டுல, 20, 25 மைல் வேகத்துல, கை லிவரை முழுக்க அழுத்துங்க. லாக் ஆகுதுன்னா கெயினைக் குறைங்க, லாக் ஆகுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி நிக்கிற இடம்தான் உங்க அளவு. ட்ரெய்லர்ல சாமான் ஏத்தின நிலையில செய்யுங்க. காலியா போகும்போது மறுபடி குறைக்கணும்.

வீல் நட்டு மறக்காதீங்க. அரை அங்குல ஸ்டட்டுக்கு 90-ல இருந்து 120 ஃபுட்-பவுண்டு, ஒரேயடியா இல்லாம மூணு கட்டமா. புதுசா மாட்டின சக்கரத்தை 10, 25, 50 மைல்ல நிறுத்தி மறுபடி டார்க் வெச்சுப் பாருங்க. கட்டாயம் ஏதாவது ஒண்ணு கொஞ்சம் நகரும்.

---

கடைசிவண்டி

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என் ட்ரெய்லரில் ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் ஒரு சக்கரம் மட்டும் மற்றதைவிடச் சூடாக இருக்கிறது. அதுதான் நன்றாகப் பிடிக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

---

பழைய_ஸ்பேனர்

எடுத்துக்க முடியாது. லேசர் தெர்மாமீட்டர் ஒண்ணு வெச்சு நாலு ட்ரம்மையும், நாலு ஹப் நடுவையும் தனித்தனியா சுட்டுப் பாருங்க. ட்ரம் சூடு, ஹப் நடு சாதாரணம்னா ஷூ உரசிக்கிட்டே வருது, அட்ஜஸ்ட்மென்ட் இறுக்கம். ஹப் நடுவே கொதிக்குதுன்னா பேரிங், அதோட இன்னும் ஒரு மைல் கூட ஓட்டாதீங்க. அந்த ஒரு சக்கரம் சாதாரணச் சூடுதான், மத்த மூணும் ஜில்லுனு இருக்குன்னா நல்லாப் பிடிக்கிறது அது ஒண்ணு மட்டும்தான், மூணு தூங்குது. அப்ப மேல தம்பி அளந்த மாதிரியே பிளக்கைக் கழட்டிட்டு, பின்னை உருவி, நாலு சக்கரத்துலயும் வோல்ட் அளந்து எழுதுங்க. பார்ப்போம்.